வெங்காயத் தோட்டத்தில் கடல் பங்கு

மகனே,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. சாவகச்சேரியிலிருந்து றால் வாங்க வருகிற வியாபாரி அதைச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். ஓரம் நனைந்து சில சொற்கள் கரைந்துபோயிருந்தன. மிச்சத்தை உன் அப்பாவுக்கு உரத்து வாசித்தேன். நீ குத்தகைக்கு எடுத்த காணியில் வெங்காயத் தாள் சாய்ந்துவிட்டது, இனிப் பிடுங்க வேண்டியதுதான் என்று எழுதியிருந்த இடத்தில் அவர் என்னை நிறுத்தி, அந்த வரியை இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னார். பிறகு எழும்பிப் போய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவரிடம், "என்ரை மோன்ரை வெங்காயம் விளைஞ்சிட்டுது" என்று சொல்லிவிட்டு வந்தார். பிறந்த நாள் தொட்டுக் கடலை மட்டும் பார்த்த மனிதன். இன்று காலையிலிருந்து, தானே நட்டுத் தண்ணீர் விட்டதுபோல நாங்கள் இப்போது குடியிருக்கிற இந்த அரியாலை முழுக்கச் சொல்லித் திரிகிறார். நான் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். வெங்காயத்தில் அவருக்கும் கொஞ்சம் உரிமை உண்டு, அது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளுகிறது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்கூட விடுமுறையில் இருக்கிற பிள்ளைகளும், சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்காகக் காத்திருக்கிற பிள்ளைகளும் வெங்காயம் பிடுங்க வருகிறார்கள் என்றும், வயது குறைந்தவர்களுக்கு அரைக்கூலி கொடுப்பதுதான் அந்தப் பக்கத்து வழமை என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். மண்ணெண்ணெய் விற்கிற விலைக்கு நீ இறைத்த தண்ணீரையும் குத்தகைக் காசையும் விதை வெங்காயத்தையும் கழித்தால் உனக்கே மிஞ்சுவது கொஞ்சம்தான், முழுக்கூலி கொடுத்தால் முதல் போகத்திலேயே கை சுட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இத்தனை வருடம் படித்த விவசாயப் படிப்பில் இதற்கு விடை இல்லையா என்று அப்பா கேட்டார். பேசாமல் இருங்கோ என்று நான் அவரை அடக்கினேன். உண்மையில் எனக்கு உன் கேள்வி பிடித்திருந்தது. மனதுக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்றைச் செய்வதற்கு முன்னால் தாயிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே, அது போதும். ஆனால் பதிலை ஒரு வரியில் எழுதினால் நீ மண்டையை ஆட்டிவிட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னதைச் செய்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

சண்டையில் பாதை பூட்டி, நீ பேராதனையில் அகப்பட்டுக்கொண்ட அந்த வருடத்தை நினைத்துப் பார். நாங்கள் குருநகரை விட்டு ஓடி, மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தோம். 'எல்லாரும் சுகம்' என்று மட்டும் உனக்கு எழுதினேன். சுகம்தான், ஆனால் கடல் இல்லை. தொழிலுக்குப் போகத் தடை. உன் அப்பா தன் வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பிரியாத வலையைப் பிரித்துத் திரும்பவும் பின்னிக்கொண்டு வகுப்பறைச் சுவரோடு இருப்பார். யாரோடும் கதைக்கமாட்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். உன் தங்கச்சி றெஜினாவுக்கு அப்போது பதினாறு. அவளைப்போல ஒரு கூட்டம் பிள்ளைகள், வளர்ந்ததுகள், பசித்ததுகள், செய்ய வேலையில்லாமல் ஒன்றோடொன்று கொழுவிச் சண்டை பிடித்துக்கொண்டு திரிந்தன.

அந்த நேரம்தான் முருகேசு அண்ணை சைக்கிளில் வந்தார். சுன்னாகப் பக்கம் செம்மண் தோட்டம். வெங்காயம் பிடுங்க ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டார். நான் முந்திக்கொண்டு எழும்பினேன். றெஜினாவையும், யூட் என்று ஒரு வாயாடிப் பொடியனையும், இன்னும் கொஞ்சப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விடியவே போய்விட்டேன். கூலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால், கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. எங்களில் யாராவது வள்ளத்தில் ஏறும்போது கூலி கேட்டு ஏறுவார்களா? போய் வந்து, பட்டதை விற்று, வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போனவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. உன் அப்பாவின் வள்ளத்தில் முதல்நாள் வந்த பொடியனுக்கும் முழுப்பங்குதான். அலை அவனை மட்டும் பார்த்து அரைவாசியாக அடிக்கிறதா என்று கேட்பார். தோட்டத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போன பேய்ச்சி நான்.

முதல்நாள் வேலை நல்லாய்த்தான் போனது. பிள்ளைகள் கரைவலை இழுக்கிறதுபோல வரிசையாகக் குந்தியிருந்து, ஏலேலோ போட்டுக்கொண்டு பிடுங்கினார்கள். முருகேசு அண்ணையின் மனைவி பாக்கியம் அக்கா தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்தவ, போகாமல் நின்று பாட்டைக் கேட்டுவிட்டு, பிறகு தானும் குந்திவிட்டா. வெயில் ஏறியதும் நிறுத்தினோம். புறப்படுகிற நேரம் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி வெங்காயத்தை எடுத்துச் சட்டையிலும் பாவாடை மடிப்பிலும் வைத்துக்கொண்டு, ஒளிக்காமல் மறைக்காமல், முருகேசு அண்ணையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

அந்த மனிதன் கறுத்துப் போனார். "உதென்ன தங்கச்சி, பட்டப்பகலிலை களவோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தை உனக்குச் சொல்லத் தேவையில்லை. "ஆரைப் பாத்துக் களவு எண்டு சொல்லுறியள்? அது கறிக்கு" என்றேன்.

"என்ன கறிக்கு?"

"கறிக்கு அண்ணை. விக்கிறதுக்கு முன்னம் போனவை கறிக்கு எடுக்கிறேல்லையோ? வெறுங்கையோடை ஆர் வீட்டை போவினம்?"

கடற்கரையில் மீன் விற்குமுன் கறிக்கு எடுப்பது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. தோட்டத்தில் அப்படி ஒன்று இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாக்கியம் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கறிக்குத்தானே, கொண்டு போகட்டும்" என்று அவ சொன்ன பிறகு முருகேசு அண்ணை கூலியை எடுத்தார். எனக்கு ஒரு தொகை தந்தார். பிள்ளைகளுக்கு என்று அதில் அரைவாசி.

றெஜினா அதைப் பார்த்தாள். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை அவள், உனக்குத் தெரியும். "ஐயா, நாங்கள் என்ன அரை வெங்காயமோ பிடுங்கினனாங்கள்?" என்றாள்.

"இது ஊர் வழமை பிள்ளை. சின்ன ஆக்களுக்கு அரைவாசி."

"அம்மாவை விட நான்தான் கூடப் பிடுங்கினனான். அம்மா கதைச்சுக்கொண்டு இருந்தவ."

அது முழு உண்மை. முருகேசு அண்ணை வரம்பில் குந்திவிட்டார். அவரும் கெட்ட மனிதன் இல்லை மகனே, இதை நீ கவனிக்க வேண்டும். அவர் சொன்னது நீ எழுதியிருப்பதேதான். தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு மண்ணெண்ணெய் வாங்க மனைவியின் காப்பு அடகுக்குப் போய்விட்டது. லொறி தெற்குப் பக்கம் போவதில்லை. எல்லாருடைய வெங்காயமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகிறது. "விலை விழுந்தால் என்ரை தலையிலைதான் விழும். உங்களுக்குக் கூலி குடுத்தது குடுத்ததுதான். நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. "அப்ப எங்கடை தலையிலையும் விழட்டும். கூலி வேண்டாம், பங்கு தாங்கோ" என்றேன். எண்ணெய்க்கும் விதைக்கும் போட்டதை முதலில் கழிக்கட்டும். வள்ளத்துக்கு எடுப்பதுபோலக் காணிக்கு ஒரு பங்கு, வலைக்கு எடுப்பதுபோல மெசினுக்கு ஒரு பங்கு எடுக்கட்டும். மிச்சம் வேலைக்கு நின்ற எல்லாருக்கும் சமன், சின்னது பெரியது இல்லை. விலை விழுந்தால் எங்கள் பங்கும் விழும். கடல் தராத நாளில் நாங்கள் யாரிடமும் போய்க் கேட்டதில்லை. முருகேசு அண்ணை நாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். பாக்கியம் அக்காதான், "ஓம் எண்டு சொல்லுங்கோவன், வெயில் ஏறுது" என்றா.

மறுநாளிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமே. சும்மா திரிந்த யூட் தவறிப்போன வெங்காயத்தைத் தேடி மண்ணைக் கிளறினான். ஒருவர் களைத்தால் மற்றவர் அவருடைய பாத்தியையும் முடித்தார். முருகேசு அண்ணை கண்காணிக்க நிற்கவில்லை, அவருக்கு அதற்கு வேலையே இருக்கவில்லை. மண்ணெண்ணெய் வரிசைக்குப் போய்விட்டார். அவர் போன நேரம் பார்த்து நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். பிடுங்கிக் கிடந்த வெங்காயம் முழுக்கச் செம்மண். இதை யார் வாங்குவார்கள்? கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் இருந்தது. "பிள்ளையள், கழுவுங்கோ" என்றேன். மீனைக் கழுவாமல் கடகப்பெட்டியில் போடுவோமா? பிள்ளைகளுக்கு நல்ல கொண்டாட்டம். அரைவாசியைக் கழுவி, மினுமினுவென்று குவித்து வைத்துவிட்டு முருகேசு அண்ணை வந்து மெச்சுவார் என்று காத்திருந்தோம்.

அவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். வெங்காயத்தைக் கழுவக்கூடாதாம். மண்ணோடும் தாளோடும் உலரவிட்டு, பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தூக்கினால்தான் மாதக்கணக்கில் நிற்குமாம், விலை வரும்வரை வைத்திருக்கலாமாம். தண்ணீர் பட்டது நாலு நாளில் அழுகும். நீ படித்தவன், இந்த இடத்தில் சிரிப்பாய். சிரி. எனக்கு அன்றைக்கு அழுகைதான் வந்தது, ஏனென்றால் அழுகப்போவது பிள்ளைகளின் பங்கும்தான். எல்லாருக்கும் முழுப்பங்கு என்று வாய் கிழியக் கதைத்து, ஒன்றுமில்லாத பங்கை அவர்கள் கையில் வைக்கப் பார்த்தேனே.

பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் வலையைக் கீழே வைத்தார். "நாலு நாள் நிக்குமோ?" என்றார். ஓம் என்றேன். "நாலு நாள் நிக்கிற சாமானுக்கே ஒப்பாரி வைக்கிறாய்? மீன் நாலு மணித்தியாலம் நிக்காது. அழுகிற சாமானை விக்கிறது எங்களுக்குத் தெரியாட்டி வேறை ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டு எழும்பினார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவ்வளவு நீளமாக அவர் கதைத்தது அன்றைக்குத்தான். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

எங்களோடு இடம்பெயர்ந்து வந்த மீன் சைக்கிள்காரர்கள், பெட்டியும் மீன் வந்துவிட்டது என்று தெருத்தெருவாக அடிக்கிற கோர்னும் சும்மா கிடக்க இருந்தார்கள். அவர்களைத் திரட்டினார். கிட்ட உள்ள சந்தையில் வெங்காயம் மலிந்து கிடந்தது. சாவகச்சேரியில் அப்படியில்லை, கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்குக் கொண்டுபோகிற வியாபாரிகள் அங்கேதான் வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். மீன் பெட்டியில் ஏற்றினால் வெங்காயம் மீன் மணக்குமே என்று முருகேசு அண்ணை தவித்தார். "மீனுக்கு வெங்காயம் போடுறதுதானே அண்ணை, முந்தியே போட்டுவிட்டது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ" என்றார் உன் அப்பா. விடியப் புறப்பட்ட அந்த ஊர்வலத்தை நீ பார்க்கவில்லையே என்பது எனக்கு இன்றைக்கும் குறை. முன்னுக்கு அப்பா, பின்னுக்கு யூட், நடுவில் சைக்கிளை விட்டு இறங்கவே மாட்டேன் என்று றெஜினா, கடைசியில் முருகேசு அண்ணை. அரியாலைத் தெருவால், நாவற்குழியால், கைதடியால், பழக்கதோசத்தில் கோர்ன் அடித்துக்கொண்டு போனார்கள். மீன் என்று நினைத்துச் சட்டியோடு வாசல் படலைக்கு வந்த பெண்கள் வெங்காயம் வாங்கினார்கள்.

சந்தையில் உன் அப்பா தராசைத் தொடவில்லை. சாக்கை விரித்து, வெங்காயத்தை மீன் மாதிரிக் கூறு கூறாகக் குவித்து, கூறு இவ்வளவு என்று தன் கடற்கரைக் குரலில் கூப்பிட்டார். செம்மண் இல்லாத வெங்காயத்தை அந்தச் சனம் கண்டதே இல்லை. பின்நேரத்துக்கிடையில் எல்லாம் போய்விட்டது. கழுவாத மிச்சத்தில் கொஞ்சத்தைக் கொட்டிலில் தூக்கினோம். மற்றதையும் அதே கிழமையில் அதே மாதிரிக் கொண்டுபோய் விற்றார்கள். வெயிலில் கறுத்து, குரல் கட்டிப்போய், சிரித்துக்கொண்டு திரும்பி வந்த உன் அப்பாவைக் கண்டதும், எனக்கு மனிசன் திரும்பக் கிடைத்துவிட்டது என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

பங்கு பிரித்தது முருகேசு அண்ணையின் முற்றத்தில். உன் அப்பா சாக்கில் எல்லாருக்கும் தெரியக் காசை வைத்தார். எண்ணெய்க்கும் விதைக்கும் கழித்து, காணிக்கும் மெசினுக்கும் எடுத்து வைத்தார். பிறகு ஆள் பங்கு. ஒரு குவியலை முருகேசு அண்ணையின் பக்கம் தள்ளினார்.

"எனக்குக் காணிப் பங்கு வந்திட்டுதே" என்றார் அவர்.

"அது காணிக்கு. இது நீங்கள் குனிஞ்சு நிமிந்ததுக்கு. வள்ளக்காரனும் கடலுக்கு வந்தால் அவனுக்கு ஆள் பங்கு உண்டு."

இன்னொரு குவியல் பாக்கியம் அக்காவுக்கு. "அவ வீட்டு ஆள்" என்று முருகேசு அண்ணை தொடங்கினார். "தோட்டத்திலை நிண்டவதானே" என்று உன் அப்பா முடித்தார். பாக்கியம் அக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டு அந்தக் காசை எடுத்தா. அத்தனை வருடம் அந்த மண்ணில் நின்றவவுக்குத் தோட்டத்துக் காசு கையில் வந்தது அதுதான் முதல்தரம். முருகேசு அண்ணைக்கும் தன் உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்று யாரும் அதுவரைக்கும் சொன்னதில்லை.

இதை ஏன் விரிவாக எழுதுகிறேன் என்றால், உன் கணக்கில் அதே பிழை இருக்கிறது. எண்ணெய், குத்தகை, விதை எல்லாம் எழுதிய நீ, உன் கூலியை எங்கேயும் எழுதவில்லை. விடியற்காலை எழும்பிப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுகிறவன் நீதானே? தன் உழைப்பைச் சும்மா என்று நினைக்கிறவனுக்குப் பிள்ளைகளின் உழைப்பு அரைவாசியாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. முதலில் உனக்கு ஒரு கூலி போடு. வியாபாரி சொல்லுகிற விலைக்குத் தலையை ஆட்டுமுன் அதையும் சேர்த்துப் பார். குறைந்தால் வியாபாரியோடு சண்டை பிடி, அப்பாவைக் கூப்பிடு, கோர்னோடு வருவார். பதினாறு வயதுப் பிள்ளையின் கையிலிருந்து மட்டும் அதை ஈடு கட்டாதே. பங்கு கொடுப்பதா முழுக்கூலி கொடுப்பதா என்பது உன் விருப்பம். எதுவானாலும் வேலை தொடங்குமுன் சொல்லிவிடு, என்னைப்போல யாரும் கேட்காமல் வந்திருக்கலாம். பூச்சி மருந்து அடிக்க அவர்களை விடாதே. வெயில் ஏறினால் நிறுத்து. பக்கத்துத் தோட்டக்காரர் கோபித்தால் கோபிக்கட்டும். அடுத்த போகத்தில் அவரே உன்னிடம் ஆள் கேட்டு வருவார். முருகேசு அண்ணையும் அடுத்த போகத்தில் அப்படித்தான் வந்தார், பள்ளிக்கூட வாசலுக்கு, பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு.

இன்னும் ஒன்று. அப்போது என் மனதில் ஓடியதை நான் உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. உன் அப்பா பங்கு பிரித்து முடிந்ததும் முருகேசு அண்ணை றெஜினாவின் பங்கை எடுத்து என் பக்கம் நீட்டினார். அதுவும் வழமைதான், பிள்ளையின் காசு தாயின் கைக்கு. நானும் கையை நீட்டிவிட்டேன். அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் காசைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வயதில் நான் றால் உரிக்கப் போய் விரல் வெடிக்க வெடிக்க உழைத்தேன். அந்தக் காசு ஒரு நாளும் என் கைக்கு வரவில்லை, நேரே அம்மாவின் கைக்குப் போய்விடும். அம்மா அதில் எங்களுக்குத்தான் சோறு போட்டா, குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் காசைத் தொட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். "அவவிட்டைக் குடுங்கோ அண்ணை, அவவின்ரைதானே" என்றேன். றெஜினா இரண்டு கையாலும் வாங்கினாள். அதற்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பை நான் எழுதிக் காட்டமுடியாது மகனே, அது உன் தோட்டத்தில் நீயே பார்க்க வேண்டியது.

ஆகவே கூலி கொடுக்கிற அன்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவரவர் கையிலேயே கொடு. தாய்மார் சிலர் கோபிப்பார்கள். அவர்களை இங்கே அரியாலைக்கு அனுப்பிவிடு, அவர்களோடு நான் கதைத்துக்கொள்கிறேன்.

அம்மா